மழைக்கு வாய்ப்பில்லை

வானிலை நிலையத்து எழுத்தர் வாசலில் மாட்டும் பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட எழுதுகிறார்: ‘மழைக்கு வாய்ப்பில்லை.’ நேற்றும் இதையேதான் எழுதினார். பின்னால், மேஜைமேல் பொத்தென்று ஏதோ விழுகிறது. சூளைக்காரி நிற்கிறாள். நேற்றைய மழையில் கரைந்த, சுடாத பச்சைச் செங்கல் ஒன்று சாணிபோலக் குந்தியிருக்கிறது. அதன் சேற்றுநீர் பதிவேட்டை நோக்கி ஊர்கிறது.

“உங்க பலகையை நம்பித்தான் சார் மூடாம விட்டேன். எட்டாயிரம் கல்லு. ஒண்ணுகூடத் தேறல.”

“மேல இருந்து வர்றதைத்தாம்மா எழுதுறேன். வானம் என்ன என் கையிலயா இருக்கு?”

அவள் பார்வை அவரைத் தாண்டி, ஜன்னல் வெயில் விழும் மூலைக்குப் போகிறது. நேற்று அவர் வீட்டிலிருந்தே கையோடு கொண்டுவந்த குடை, மழையில் நனைந்து, அங்கே விரித்தபடி காய்கிறது. அவர் விரலிடுக்கில் சாக்பீஸ் ஒடிகிறது.

“பலகை எங்களுக்கு, குடை உங்களுக்கா சார்?”