நீராவி அறையில் சம்மதம்

சந்தை விலைக்கேற்ப ஏறி இறங்கும் மின்சாரத் திட்டத்துக்கு மாறியதிலிருந்து, தாவெத்தி கைப்பேசியில் விலை பார்க்காமல் காபிகூடப் போடுவதில்லை. விலை இறங்கினால்தான் வீட்டில் நீராவிக் குளியல். இந்தப் பின்லாந்துக் குளிரில் விலையோ இறங்குவதாயில்லை.

அதுதான் மகள் தூலியின் கவலை. தான் மணக்க விரும்பும் ஆர்னியை இன்றுதான் முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். அங்கே விருந்தாளிக்கு முதல் உபசாரமே அந்தக் குளியல்தான்; வருங்கால மருமகனுக்கு அதுகூடக் கிடைக்காதோ?

ஆர்னி வாசலில் வணக்கம் சொன்னதும் அப்பா தாவெத்தி நிமிர்ந்தார்.

"தூலி, நீராவி அறையைச் சூடாக்கு."

"அப்பா, இப்ப விலை உச்சத்துல இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். வாங்க தம்பி, சேர்ந்து உட்காரலாம்."

அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தூலிக்குத் தலைகால் புரியவில்லை.

சூடான கல்லில் தண்ணீர் சீறும் சத்தம் உள்ளே ஓயவேயில்லை. வீட்டுக்காரர் எழும் முன் விருந்தாளி எழுவது மரியாதையல்ல. கடைசியில் ஆர்னி வெந்த நண்டுபோல வெளியே வந்தான்.

"பையன் சம்மதிச்சிட்டான்," என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கா?"

"என்னைப் பழைய விலைக்கே மாத்திவிடறதுக்கு. போன்ல தேனா பேசி இந்தத் திட்டத்தை என் தலையில கட்டினவன் இவன்தான். வணக்கம் சொன்னப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப கல்யாணம்?"

"முதல்ல மாத்தித் தரட்டும், பார்க்கலாம்."