வின்ஸ்டன் வைத்த அரிசிம்பருப்பு

காய்ச்சலில் கெசியாவுக்கு வாசமும் ருசியும் போனதிலிருந்து, சமையல் முழுக்கக் கணவன் வின்ஸ்டனின் பொறுப்பு.

"இன்னிக்காவது ருசி தெரியுதா அம்மணி?"

"இல்லீங்க. இன்னுங் கொஞ்ச நாளைக்கு நீங்களே சமைச்சுப்போடுங்க," என்றாள் சோபாவில் சாய்ந்தபடி.

அன்று அரிசிம்பருப்பு சாதம். செல்போனைப் பார்த்துக்கொண்டு வின்ஸ்டன் அடுப்பருகே நின்றிருந்தான். கெசியா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏனுங்க, அடிப்பிடிச்ச வாசம் ஹால் வரைக்கும் வருதுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு வாசம் எப்பத் தெரிய ஆரம்பிச்சுது கண்ணு?"

"போன வாரமேங்க. நீங்க சமைச்சுப்போடற சொகத்துல சொல்லலீங்க. அதுக்குத் தண்டனையாட்ட, நேத்து உப்பில்லாத குழம்பைக்கூட ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னேன். ஆமா, பக்கத்துலயே நிக்கறீங்க, உங்களுக்கு வாசம் வரலீங்களா?"

"எனக்கும் போயிருச்சு கண்ணு. சொன்னா, முடியாத உடம்போட நீ சமைக்க எந்திரிச்சு வந்துருவியேன்னுதான் சொல்லலை."