தவளையைக் காட்டியவர்

பேராசிரியர் தங்கதுரை ஒரு திருடர் என்பதை மேடையிலேயே நிரூபித்துவிடுவதென்று அறிவியல் மன்றச் செயலாளர் தமிழழகன் முடிவு செய்திருந்தார்.

கூட்டத்தின் தலைப்பும் தோதாக அமைந்தது: 'உலகம் மறந்த விஞ்ஞானிகள்'. பேச வந்தவர் தங்கதுரையே. கல்வராயன் மலையில் நகத்தளவு புதுத் தவளை ஒன்றைக் கண்டுபிடித்து, வெளிநாட்டு இதழில் கட்டுரை எழுதியவர்.

அடுத்தவர் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டு பரிசு வாங்கியவர்களை அவர் ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். கைதட்டல் அடங்கியதும் தமிழழகன் மைக்கைப் பிடித்தார்.

"ஐயாவோட கட்டுரையில பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கு. ஜீப் டிரைவர், ஜெராக்ஸ் கடைக்காரர் வரைக்கும். அந்தத் தவளையை மொதல்ல பார்த்து, இவரைக் கூட்டிப்போய்க் காட்டின மனுஷன் பேரு மட்டும் இல்ல."

சால்வை போடுவதாகச் சொல்லி மலையிலிருந்து அழைத்து வந்திருந்த வேடியப்பனை மேடையேற்றினார். மலை முழுக்கத் தெரிந்த கதைதான். அவர் வாயால் சொன்னால் போதும்.

வேடியப்பன் முன்வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"எனக்குத் தவளையெல்லாம் தெரியாதுங்க. கோழி தெரியும்."

அரங்கம் சிரித்தது. ஆளை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று தமிழழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே சொல்லுங்க சார். காட்டினது யாரு?"

தங்கதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யாரும் காட்டலை. நானேதான் பார்த்தேன். இவரை எனக்குத் தெரியாது."

பின்னாலிருந்து ஒருவர் "திருடன்" என்றார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தங்கதுரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து வாசலில் வேடியப்பனைப் பிடித்த தமிழழகன், உனக்காகத்தானே இவ்வளவும், இப்படிக் கவிழ்த்துட்டியே என்று பொரிந்தார்.

வேடியப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொத வரிசையில குந்திக்கினு இருந்தாரே ஃபாரஸ்ட் ரேஞ்சர், அவரு போட்ட கேஸ்ல நான் ஜாமீன்ல இருக்கறேன் சார். காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. நான் போனதே தப்பு, இதுல தவளை வேற காட்டிட்டேன். பேரைப் போட்டுடாதீங்கன்னு புரொபசர் கால்ல வுழுந்தது நான்தான்."

தமிழழகன் உள்ளே எட்டிப் பார்த்தார். பேராசிரியர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இப்போதே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகக் கிளம்பினார்.

வேடியப்பன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேஸ் முடியற வரைக்கும் நீங்களும் அவரைத் திருடன்னே சொல்லிக்கினு இருங்க சார். புண்ணியமாப் போவும்."