சிவக்காத கை

"இன்னும் ஒரே ஒரு தடவை கையை விட்டுப் பாக்குறேன், டாக்டரம்மா. ராத்திரி சரியாத் தூங்கலை, ரத்தம் மந்தமா இருந்திருக்கும்."

பதிலுக்குக் காத்திராமல், ஈயம்மா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலைக்கூண்டின் துணி வாய்க்குள் முழங்கை வரை நுழைத்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஈயம்மாதான். அங்கேயே பிறந்து வளர்ந்த, நோய்நொடி இல்லாத மணல் ஈக்களுக்கு இத்தனை வருஷமும் ரத்தம் கொடுத்தது அவள் கை ஒன்றுதான். மற்றவர்கள் கூண்டைக் கண்டாலே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

எள்ளுக்குச் சிறகு முளைத்தாற்போன்ற ஈக்கள் வந்து உட்கார்ந்தன. குத்தின. திணறின. இடம் மாறிக் குத்தின.

கையை வெளியே எடுத்தபோது குத்திய புள்ளிகள் மட்டும் இருந்தன. சிவப்பு இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. கூடத்துக்குப் பொறுப்பேற்று வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "இதுங்க எச்சில்ல பெப்டைடுன்னு ஒரு புரதத் துணுக்கு இருக்கணும். கண்ணுக்கே தெரியாத துளி. அது பட்டா ரத்தக் குழாய் தானா விரிஞ்சு வழி விடும், தோல் செக்கச்செவேல்னு ஆயிடும். கூண்டுலயே தலைமுறை தலைமுறையா வளர்ந்ததுல அது அத்துப்போச்சு போல. முட்டையும் குறைஞ்சு போச்சு. சாயங்காலம் கூண்டோட ஃப்ரீசர்ல வச்சிடச் சொல்லிட்டாங்க."

"கொல்லப் போறீங்களா?"

"மேலிடத்து முடிவும்மா."

ஈயம்மா கூண்டை அணைத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் ஒண்ணு குத்தினாப் போதும், கை விடியற வானமாட்டம் சிவக்கும். ரெண்டு நாளைக்கு அடங்காது. இத்தனூண்டு ஜீவன் இத்தனை பெரிய சூரியனை எங்க ஒளிச்சு வச்சிருக்குன்னு வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பேன், டாக்டரம்மா."

"ஈயை வச்சுக்கிட்டு வாயைப் பிளக்காத, உள்ளே போயிடப் போகுது."

அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த வீட்டுக்காரர், வாசலில் நின்றபடி சொன்னார். தையல்காரர், நாக்கும் ஊசிதான்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. என் கையை நம்பி இருந்த ஜீவனுங்க!"

"நானும் உன் கையை நம்பித்தானே இருக்கேன்? தினம் நீ சமைச்சதைச் சாப்பிடுறேனே, அந்த தைரியம் எந்த ஈக்கு வரும்?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனுஷருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி விடு. சாகப்போறதுங்க, கடைசியா வயிறார ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும். நாள் முழுக்க ஊசி குத்துற கைதானே!" என்று, டாக்டரம்மா தடுப்பதற்குள் தன் கையைக் கூண்டுக்குள் விட்டுவிட்டார்.

"ஐயையோ, எடுங்க! எடுங்க சார்!"

எடுத்தார்.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு ஊறியது. காசளவு ஆனது. வட்டமும் வட்டமும் கைகோத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கை முழுக்க ஒரு விடியல் பரவியது. கூண்டுக்குள், குடித்துக் கனத்த ஈக்கள் மாதுளை முத்துகளாக வலையில் தொங்கின.

"அத்துப்போகலை! என் பிள்ளைங்க எதையும் மறக்கலை!" என்று துள்ளினாள் ஈயம்மா. மறு நொடி அவள் முகம் சுருங்கியது. தன் வெளிறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ... கெட்டுப்போனது என் ரத்தமா? நான்தான் இதுங்களைப் பட்டினி போட்டேனா?"

டாக்டரம்மா அந்தச் சிவந்த கையைப் பார்க்கவே இல்லை. சிவக்காத கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"கெட்டுப்போகலைம்மா. வெளியில திரியிற ஈ கடிச்சா, இந்த எச்சிலோடதான் காய்ச்சல் கிருமி மனுஷ உடம்புக்குள்ள நுழையுது. எச்சிலை அடக்க ஒரு தடுப்பு மருந்து கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டடத்தையே கட்டினாங்க. அந்த மருந்தை, இத்தனை வருஷக் கடியையும் வாங்கிக்கிட்டு, உங்க ரத்தம் தானாவே செஞ்சு முடிச்சிருக்கு!"