நவார் எடுத்த படம்

காபிக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று நவார் மூன்று படம் எடுத்தாள். மூன்றிலும் லுஜைன்தான். கையில் ஹூக்காக் குழாய், வாயில் புகை, சுற்றிலும் ஆணும் பெண்ணுமாக வகுப்புத் தோழர்கள்.

வசமாக மாட்டினாள் என்று நினைத்தபோது நவாருக்கு நடையே துள்ளியது.

லுஜைன் பெரியம்மா மகள். இருவரும் மருந்தியல் இரண்டாம் ஆண்டு, ஒரே வகுப்பு. லுஜைன் இரண்டு மார்க் கூட வாங்கினால் போதும், நவாரின் அம்மா ஒரு வாரத்துக்கு அதையே பேசுவாள். லுஜைன் எவ்வளவு பாங்காக உடுத்துகிறாள், எவ்வளவு இனிமையாகப் பேசுகிறாள். கேட்டுக் கேட்டு நவாருக்கு வயிறு எரியும். பொறாமைதான். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை. மக்லூபா சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு அப்பா தூங்கப் போனார். அம்மா இப்திசாம் அடுப்பில் கரி பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் அக்கா பொண்ணு லட்சணத்தைப் பாரு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். முகம் வெளிறிவிட்டது.

"யா அல்லாஹ். சிகரெட்டாடி?"

"இல்லம்மா, ஹூக்கா. நல்லாப் பாரு, குழாய் தெரியுது."

"அட, ஹூக்காவா. நெஞ்சே நின்னு போச்சுடி. பொம்பளப் புள்ள சிகரெட் பிடிச்சா அக்கா எப்படி வெளியில தலை காட்டுவா?"

"ரெண்டும் புகைதானேம்மா?"

"அதெப்படி ஒண்ணாகும்? இது தண்ணியில அலசி வர்ற புகை. ஆப்பிள் வாசனை வேற."

"தண்ணி ஒண்ணையும் வடிகட்டாதுன்னு எங்க பாடத்துலயே இருக்கு."

"பாடம் எழுதினவன் ஹூக்காவைக் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டான்." அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். "எவ்வளவு கலகலப்பா இருக்கா பாரு. சுத்தி நாலு பேரு. நீயும்தான் இருக்கியே, தெருவுல நின்னு படம் எடுத்துக்கிட்டு."

நவாருக்கு அழுகை முட்டியது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. கரியை இடுக்கியால் எடுத்துத் தன் ஹூக்காவின் மேல் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உன் பொண்ணு என் கட்சிக்கு வந்துட்டா," என்று சிரித்தது உள்ளே வரை கேட்டது.

வார விடுமுறை கழிந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நவார் நேராக அந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தாள். எல்லோரும் இருந்தார்கள், லுஜைனைத் தவிர.

"அதிசயமா இருக்கே. நவார், வழி தவறி வந்துட்டியா?" என்றாள் வகுப்புத் தோழி ஹனீன்.

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

ஹனீன் புது பிளாஸ்டிக் முனை ஒன்றைப் பொருத்தினாள். ஒருவரிடம் முனையை நேருக்கு நேர் நீட்டுவது மரியாதை இல்லை என்பதால், குழாயை மடக்கி, முனை தன் பக்கம் இருக்கும்படி கொடுத்தாள்.

முதல் இழுப்பில் நவாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், முதுகைத் தட்டினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நாலாவது இழுப்பில் இருமல் வரவில்லை. லுஜைன் சீக்கிரம் வரட்டும், பார்க்கட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லுஜைன் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நவார் பழகியவள் போலக் குழாயை மடக்கி நீட்டினாள்.

லுஜைன் நெஞ்சில் கை வைத்து மறுத்தாள். "எனக்கு வேணாம். விட்டுட்டேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமையோட சரி. நான் ஊதுறதை யாரோ படம் எடுத்திருக்காங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

நவார் குழாயை வாயில் வைத்து இழுத்தாள்.

"அம்மா திட்டலடி. அழுதா. ரெண்டு பேரும் ஒரே பாடம்தானே படிக்கறீங்க, நவார் மண்டையில ஏறினது உன் மண்டையில ஏன் ஏறலன்னு கேட்டா. சின்ன வயசுலருந்தே எங்க வீட்டுல இதே பாட்டுதான். உன்னை நினைச்சாலே பத்திக்கிட்டு வரும் எனக்கு. ஆனா இந்தத் தடவை அம்மா சொன்னது சரின்னு பட்டுச்சு. உன்னை மாதிரியே இருந்துட்டுப் போவோமேன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் லுஜைன் அவளை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள்.

"ஆமா, நீ எப்போடி ஆரம்பிச்சே?"

நவார் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். புகைதான் வந்தது.