கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம்

தட்டிக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கலியனுக்கு உடம்பெல்லாம் காதானது. பாகூர் டூரிங் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கீற்றுத் தட்டி. அதை ஒட்டினாற்போல மணலைக் குவித்து உட்காருவதுதான் அவன் வழக்கம். திரையில் நாயகியை வேறொருவனுக்குத் தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"புஸ்தகத்துல இவ கெணத்துல வுழுந்துடுவா. இவனுங்க இன்னா பண்றானுங்களோ" என்றான் பக்கிரி.

"அத வுடு. கேக்குதாடா?" என்றான் கலியன், பக்கத்தில் இருந்த உத்திராபதியிடம். "வந்திருக்கா."

உத்திராபதி பீடியை மணலில் குத்தி அணைத்தான்.

இந்த மூன்று பேருக்கும் ஊரில் 'காதல் கட்சி' என்று பெயர். பத்திரிகையில் தொடராக வரும் காதல் நாவல்களைப் பக்கிரியின் சைக்கிள் கடையில் உத்திராபதி உரக்கப் படிப்பான். அந்த நாவல் படமாகிக் கொட்டகைக்கு வந்தால் மூவரும் முதல் ஆட்டத்துக்கே ஆஜர். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களும் படத்தைத் தவறவிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் கலியன் வருவது படத்துக்காக இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் கெங்கம்மாளைக் கிருமாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அப்பா பிரெஞ்சுக்காரன் பக்கம், இவன் அப்பா காங்கிரஸ். பெண் கேட்டுப் போனவர்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. பையன் குறுக்கே வந்துவிடுவான் என்று பயந்த பெண் வீட்டார் பஞ்சாயத்தைக் கூட்ட, திரௌபதியம்மன் கோயிலில் கலியன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். இனி அவளைக் கண்ணால் பார்ப்பதில்லை, அவளைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதும் இல்லை.

சாமி காரியம், மீற முடியுமா? இன்றுவரை அவன் மீறவில்லை. அவன் எதிரில் ஊரிலும் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை.

கொட்டகை ஊருக்கு வந்த முதல் வருஷம் மட்டும், புருஷன் வீட்டு வண்டியில் அவளும் வந்து தட்டியோரம் உட்கார்ந்திருப்பதாகப் பக்கிரி வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்று சோகக் கட்டத்தில் அங்கிருந்து ஒரு விம்மல் கேட்டது. காதால் கேட்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லையே. அதற்கப்புறம் காதலர் பிரிகிற படம் எது வந்தாலும் அந்த இடத்திலிருந்து விம்மல் வரும். பாவி மனுஷன், அதைக் கொண்டுதான் காலத்தை ஓட்டினான்.

வீட்டில் தையலம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அப்பா பார்த்துக் கட்டிவைத்த பெண், குறை சொல்ல ஒன்றும் இல்லை. "என்னையும் ஒரு தரம் சினிமாவுக்கு இட்டுனு போயேன்" என்று ஒரு நாள் கேட்டாள்.

"உனுக்கு அதெல்லாம் இன்னா புரியப்போவுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இவன் கிளம்பிவிட்டான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

படம் விட்டதும் சைக்கிள் கடையில் கதை பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கண் சிவந்திருக்கச் சோறு போடுவாள். கேட்டால் அடுப்புப் புகை என்பாள். சோறு என்னவோ சில்லிட்டுத்தான் இருக்கும், இவன் அதையெல்லாம் கவனித்துச் சாப்பிடுகிறவன் இல்லை.

நாளைக்குக் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். லைசென்சு முடிந்துவிட்டது, மழையும் வருகிறது. அடுத்த வருஷம் எந்த ஊரில் போடுவார்களோ, யார் கண்டது.

"இன்னிக்கிப் பேசிடப் போறன்டா" என்றான் கலியன். "பாக்க மாட்டன்னுதான சத்தியம். பேச மாட்டன்னு சொல்லலியே."

உத்திராபதி பக்கிரியைப் பார்த்தான். பக்கிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"வாணாம்டா. கேட்டமா வந்தமான்னு இரு" என்றான் உத்திராபதி. "எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஒரு வார்த்தைடா. நல்லாருக்கேன்னு அவ வாயால சொல்லிட்டா போதும். அத்தோட இத வுட்டுட்டு, வூட்ல இருக்கறவகூட ஒழுங்கா குடும்பம் நடத்துவேன்."

உத்திராபதி அவன் தோளை அழுத்திப் பிடித்தான். கலியன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

திரையில் கல்யாண வண்டி புறப்பட்டது. அந்தப் பக்கம் விம்மல் பெரிதானது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை அது. கலியன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். தட்டியோடு முகத்தை வைத்துக் கூப்பிட்டான்.

"கெங்கா."

அழுகை சட்டென்று நின்றது.

"நான்தான், கலியன். உன்னப் பாக்கல, பாக்கவும் மாட்டேன். இத்தினி வருசமா நீ அழுவுறதக் கேட்டுக்கினு நானும் இங்க அழுதுக்கினுதான் இருக்கேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நீ நல்லாருக்கியா?"

உத்திராபதி எழுந்து அப்பால் போய்விட்டான். படத்தில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், கலியனுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை.

பாட்டு முடிகிற சமயம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கெங்கம்மா செத்து ரெண்டு வருசமாவுது, நான் தையலம்மா."