பரங்கி இலையில் வெள்ளை

"ஏங்க, பரங்கிக் கொடிக்கு நோய் வந்துடுச்சு. ஆனா நான் வுடப் போறதில்ல" என்றாள் அம்சவள்ளி.

விடிகாலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஆலை வேலைக்குக் கிளம்பிய சின்னராசு, கவலையோடு தலையாட்டிவிட்டுப் போனான்.

கச்சிராயபாளையமே வந்து வாயைப் பிளந்த காய் அது. உரல் பருமன் இருந்தது. கள்ளக்குறிச்சிக் காய்கறிக் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள். இந்த நேரம் பார்த்தா இலையெல்லாம் வெள்ளைப் பொடி படியும்?

சாம்பல் நோய்தான் என்று செல்போனில் பார்த்து முடிவு கட்டினாள். பொடி படிந்த இலைகளை அறுத்து எரித்தாள். மிச்ச இலைகளில் புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தாள். மறுநாள் அவற்றிலும் வெள்ளை. 'உன்னை விட்டேனா பார்' என்று அவற்றையும் அறுத்தாள். ஆறாம் நாள் கொடியில் மிஞ்சியது ஒன்பதே இலை.

சாயங்காலம் தோட்டக்கலை அலுவலர் தேவிப்ரியாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

"இலை போனா காய் பெருக்காது மேடம். எந்த மருந்தா இருந்தாலும் சொல்லுங்க, அடிச்சிடறேன்."

தேவிப்ரியா ஓர் இலையை விரலால் துடைத்தாள். பொடி மொத்தமும் விரலோடு வந்தது. அடியில் இலை பளிச்சென்று பச்சையாக இருந்தது. விரலை மோந்து பார்த்தாள்.

"அக்கா, இது நோயே இல்ல. திருநீறு."

அப்போதுதான் வேலை முடிந்து வந்த சின்னராசு திருதிருவென்று விழித்தான்.

"ஊர்க்கண்ணு படுதேன்னு தெனம் ஒரு கை தூவிக்கினு இருந்தேன். நீ நோய்னு சொன்னதிலேர்ந்து ரெண்டு கையா தூவறேன், அம்சா."